சீட்டுக் குலுக்கி ஆளலாமா?

ஜனநாயகம் என்றால் தேர்தல் என்றே பழகிவிட்டோம். அந்த ஆட்சிமுறைக்குப் பெயர் வைத்த ஏதென்ஸ்காரர்களிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் விழித்திருப்பார்கள். பதவிகளைக் குலுக்கலில் நிரப்புவது ஜனநாயக வழக்கம், வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது சிலர் ஆட்சியின் வழக்கம் என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து, 1748-ல், பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவும் இதையேதான் சொன்னார்.

ஏன் அப்படி? தேர்தல் என்பதே 'சிறந்தவர்' என்று நமக்குத் தோன்றுபவரைப் பொறுக்கி எடுக்கும் வேலை. பொறுக்கப்பட வேண்டுமென்றால் முதலில் கண்ணில் பட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், குடும்பப் பெயர் வேண்டும், பேச்சு வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும். இவை எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே வாக்குரிமை எல்லாருக்கும் இருந்தாலும் வெல்லும் வாய்ப்பு ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குலுக்கலுக்கு இதெல்லாம் தெரியாது. சீட்டுக்கு முகம் கிடையாது.

'குலுக்கல்' என்றதும் நாட்டை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பதாகத் தோன்றும். அதைக் கையாண்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு பூட்டு. யார் உள்ளே வந்துவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பூட்டைச் செய்தார்கள். ஒவ்வோர் ஊரும் பயந்த ஆள் வேறு, ஆகவே பூட்டும் வேறு.

ஏதென்ஸ்: கல்லில் செய்த குலுக்கல் இயந்திரம்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் கிளெரோதீரியான் என்றொரு கல் இயந்திரம் இருந்தது. ஆள் உயரப் பலகைக் கல். அதன் முகத்தில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். நீதிமன்றத்தில் நடுவராக உட்கார விரும்பும் குடிமகன் விடியற்காலையில் தன் பெயர் பொறித்த சிறு தகட்டோடு வருவான். தகடுகளைப் பிளவுகளில் செருகுவார்கள். ஒரு கிடைவரிசைக்கு ஐந்து தகடு. கல்லின் பக்கத்தில் ஒரு குழாய். அதற்குள் கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டைகளைக் கலந்து கொட்டுவார்கள். 50 பேர் தேவை என்றால் வரிசைக்கு ஐந்து வீதம் 10 வெள்ளைக் கட்டைகள். மீதி வரிசைகளின் எண்ணிக்கைக்குக் கறுப்பு. அடியில் ஒரு கட்டை விழும். வெள்ளை என்றால் முதல் வரிசையின் ஐந்து பேரும் அன்றைக்கு நடுவர்கள். கறுப்பு என்றால் ஐந்து பேரும் வீட்டுக்கு. அடுத்த கட்டை, அடுத்த வரிசை.

இவ்வளவும் வழக்கு நடக்கும் அதே நாள் காலையில். தனியார் வழக்குக்கு 201 பேர், பொது வழக்குக்கு 501 பேர் என்று நடுவர்கள் உட்கார்வார்கள். யார் எந்த வழக்கில் உட்காரப்போகிறார் என்பது வழக்கு தொடங்கச் சற்று முன்புவரை யாருக்கும் தெரியாது. லஞ்சம் கொடுக்க நினைப்பவன் யாரிடம் போவான்? தடுக்க வேண்டிய ஆள் லஞ்சக்காரன். பூட்டு அவனுக்கேற்ற பூட்டு.

நிர்வாகமும் பெரும்பாலும் இதே வழியில்தான் நடந்தது. குடிமக்கள் கூடும் பேரவையின் அலுவல்களைத் தயாரித்தது 500 பேர் கொண்ட மன்றம். பத்துப் பிரிவுகளிலிருந்து ஐம்பது ஐம்பது பேராக, 30 வயது கடந்தவர்களைக் குலுக்கி எடுத்தார்கள். ஓராண்டுப் பதவி; வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. ஆண்டைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பிரிவின் ஐம்பது பேர் முன்னின்று நடத்துவார்கள். அந்த ஐம்பதில் ஒருவரை நாள்தோறும் குலுக்கித் தலைவராக்குவார்கள். கருவூலத்தின் சாவியும் அரசு முத்திரையும் ஓர் இரவும் பகலும் அவர் கையில். மறுநாள் இன்னொருவர். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அந்த வாய்ப்பு.

இங்கே பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சீட்டு விழுந்துவிட்டது என்பதற்காக யாரும் நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. பதவி ஏற்குமுன் ஒரு விசாரணை: பெற்றோரைச் சரியாகக் கவனிக்கிறாயா, வரி கட்டினாயா, படைக்குப் போனாயா என்று கேட்பார்கள். எதிர்ப்பு இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். பதவி முடிந்ததும் இன்னொரு விசாரணை: கணக்கை ஒப்படைத்தாக வேண்டும். இந்த இரண்டு விசாரணைகளையும் கழற்றிவிட்டால் ஏதென்ஸின் குலுக்கல் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது என்பதே என் கணிப்பு.

எல்லாவற்றையும் அவர்கள் குலுக்கவும் இல்லை. பத்துப் படைத்தளபதிகளை வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ் தொடர்ந்து 15 ஆண்டு தளபதியாக இருந்தது அப்படித்தான். திறமை இல்லாவிட்டால் உயிர் போகும் வேலைக்குத் தேர்தல், பொதுப்புத்தி போதுமான வேலைக்குக் குலுக்கல் என்பது அவர்கள் போட்ட கோடு. பெண்களும் அடிமைகளும் வெளியூர்க்காரர்களும் இந்த ஏற்பாட்டுக்கு முற்றிலும் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குலுக்கல் சமமாக நடத்துவது பெயர் கொடுத்தவர்களை மட்டும்தான்.

குடவோலை: கணக்குக் காட்டாதவனின் சித்தி மகனும் வெளியே

உத்தரமேரூர்க் கல்வெட்டு, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921 வாக்கில். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். ஊர்ச்சபை கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பெயரை அவர் வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிப்பார்கள்.

அந்த ஐந்து விரலைக் கவனியுங்கள். விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றிவிடும் தந்திரம் யாருக்கோ தெரிந்திருந்தது. அதனால்தான் அது கல்லில் ஏறியது என்று ஊகிக்கலாம்.

இப்படிக் குடும்புக்கு ஒருவராகத் தேர்வானவர்கள் 30 பேர். அவர்கள் வாரியம் எனப்படும் குழுக்களுக்குப் போவார்கள்: சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பணிக்காலம் 360 நாள். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது. அவருடைய சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன்மார் என்று நீளும் உறவுப் பட்டியலில் உள்ளவர் பெயரும் கூடாது. பினாமி என்ற சொல் இல்லாத காலத்திலேயே பினாமிக்குக் கதவை அடைத்துவிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். இது ஒரு பிராமணர் சபையின் ஏற்பாடு. இதை 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மேடையில் முழங்குபவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள்: ஏதென்ஸ் இதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக முந்தியது, இந்தக் குடத்துக்குள் ஊரின் பெரும்பாலோர் பெயர் போகவே வழியில்லை. குலுக்கலின் நுணுக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது, அது வேறு விஷயம்.

பையை நிரப்புபவன் கை

குலுக்கலை எங்கே கெடுக்கலாம் என்பதை இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரம் கற்றுத்தரும். 1328 முதல் அங்கே ஒரு கலவை முறை. தகுதியுள்ளவர்களின் பெயர்கள்மீது இரகசியமாக வாக்கெடுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்ற பெயர்கள் தோல்பைக்குள் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையிலிருந்து ஒன்பது பேரை எடுத்து நகரின் உச்ச ஆட்சிக்குழு அமைப்பார்கள். குடும்பத்தார் யாராவது அண்மையில் பதவியில் இருந்திருந்தால் அந்தச் சீட்டு செல்லாது.

1434-க்குப் பிறகு மெடிச்சி குடும்பம் நகரைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தபோது இந்த முறையை ஒழிக்கவே இல்லை. குலுக்கல் அப்படியே நடந்தது. பையில் பெயர்களை இடும் அதிகாரிகளை மட்டும் கையில் போட்டுக்கொண்டார்கள். சில பெயர்களை மட்டும் பையில் விட்டுவைத்தால், குருட்டுக் கை எதை எடுத்தாலும் வேண்டியவன்தான் வருவான். குலுக்கல் நடக்கும் மேடையை எல்லாரும் பார்ப்பார்கள்; பை நிரப்பும் அறையை யாரும் பார்ப்பதில்லை.

இன்னோர் இத்தாலிய நகரமான வெனிஸ் இதற்குக் கண்டுபிடித்த மாற்று, சொன்னால் சிரிப்பு வரும். 1268 முதல் 1797-ல் குடியரசு விழும்வரை, நகரத் தலைவரான டோஜைத் தேர்ந்தெடுத்தது இப்படி: பெருமன்றத்திலிருந்து 30 பேரைக் குலுக்கு. அதை 9 ஆகக் குலுக்கிக் குறை. அந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். 40-ஐ 12 ஆகக் குலுக்கு. 12 பேர் 25 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதை 9 ஆகக் குலுக்கு. அவர்கள் 45 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதை 11 ஆகக் குலுக்கு. அந்த 11 பேர் தேர்ந்தெடுக்கும் 41 பேர்தான் டோஜுக்கு வாக்களிப்பார்கள். 25 வாக்காவது வேண்டும். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும் இந்தச் சுற்றுக்கு ஒரு நோக்கம் இருந்தது: எந்தக் குடும்பமும் முன்கூட்டியே ஆள் பிடிக்க முடியாது. ஒரு படியில் ஆள் பிடித்தால் அடுத்த குலுக்கல் கலைத்துவிடும். ஒவ்வொரு படியிலும் பெரும்பான்மைக்கு மேலான ஆதரவு கேட்டதால், யாருக்கும் பிடிக்காத ஆளும் ஏறிவர முடியாது.

பிறகு ஏன் மறைந்தது?

18-ஆம் நூற்றாண்டு இறுதியில் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் புதிய குடியரசுகளை அமைத்தவர்கள் குலுக்கலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி வேறு. ஆள்பவருக்கு என்னை ஆள என்ன உரிமை? 'நான் சம்மதித்தேன், அதனால்' என்பது ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக் போன்றோர் வழியாக வந்த விடை. வாக்கு என்பது சம்மதத்தின் அடையாளம். குலுக்கலில் வந்தவருக்கு நான் எப்போது சம்மதித்தேன்?

நல்லாட்சி பற்றிய மூன்று கருத்துகள் இங்கேதான் மோதுகின்றன. திறமையானவர் ஆள வேண்டும் என்பது ஒன்று. மாலுமியையும் தச்சனையும் யாராவது குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களா என்று சாக்ரடீஸ் கேலி செய்தது இந்தக் கட்சி; அந்தப் பேச்சே அவர்மீது குற்றச்சாட்டாகவும் வந்தது. ஆளப்படுபவர் சம்மதிக்க வேண்டும் என்பது இரண்டாவது. எல்லாரும் முறை வைத்து ஆளவும் ஆளப்படவும் வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவதற்குத் தேர்வு, இரண்டாவதற்குத் தேர்தல், மூன்றாவதற்குக் குலுக்கல் என்று கருவி மாறுகிறது. சாக்ரடீஸின் கேலிக்கு மூன்றாவது கட்சி சொல்லக்கூடிய பதில்: கப்பலை ஓட்டத்தான் மாலுமி வேண்டும். கப்பல் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லப் பயணிகள் போதும்.

பயணிகள் கூட்டம் சரியாகச் சொல்லுமா? 1785-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்சே ஒரு கணக்கு போட்டார். இரண்டில் ஒன்று சரியான விடை என்ற கேள்வியில் ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்று வையுங்கள். தனியாள் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது போலத்தான். ஆனால் 101 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 84 விழுக்காடு. இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். ஆளுக்கு 45 விழுக்காடு என்றால் அதே கணக்கு கவிழ்ந்து 16 ஆகிவிடும். மேலும் ஒவ்வொருவரும் தனித்தனியே யோசித்திருக்க வேண்டும். எல்லாரும் ஒரே வதந்தியைக் கேட்டுவிட்டு வந்தால் 101 பேரும் ஒருவருக்குச் சமம்தான்.

இன்று செய்வதென்றால்

குலுக்கல் இப்போது குடிமக்கள் மன்றம் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. சில மாதம் கூடி, ஒரே ஒரு கேள்வியை ஆராய்ந்து, பரிந்துரை தந்துவிட்டுக் கலையும் மன்றம் அது.

எத்தனை பேர் வேண்டும் என்பது முதல் கணக்கு. மக்கள்தொகையில் 5 விழுக்காடு உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். 12 பேரைக் குலுக்கி எடுத்தால் அந்தப் பிரிவில் ஒருவர்கூட வராமல் போகும் வாய்ப்பு 54 விழுக்காடு. 100 பேர் என்றால் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆண் பெண் கணக்கும் அப்படியே: 12 பேரில், ஏழு குலுக்கலுக்கு ஒன்றில், ஏதோ ஒரு பாலினம் 9 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். 100 பேரில் இரு பாலாரும் 40-க்கும் 60-க்கும் இடையே நிற்பது நூற்றுக்கு 96 தடவை. பெரும்பாலான நாடளாவிய மன்றங்கள் 100, 150 என்று அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல் போனால் ஒருவரோடொருவர் பேச முடியாது, கூட்டம் மாநாடாகிவிடும். நூறு பேரையும்கூட ஏழெட்டுப் பேர் மேசைகளாகப் பிரித்து, மேசைக்கொரு நெறியாளரை வைத்துத்தான் பேச வைக்கிறார்கள்.

அடுத்தது அழைப்பு. 10,000 வீடுகளுக்குக் கடிதம் போகிறது, 600 பேர் 'வருகிறேன்' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (பிரிட்டனின் காலநிலை மன்றத்துக்கு 30,000 கடிதம் அனுப்பி 110 பேரை எடுத்தார்கள்.) இந்த 600 பேரில் 400 பேர் பட்டதாரிகள், நாட்டிலோ பட்டதாரிகள் 30 விழுக்காடுதான். அப்படியே குலுக்கினால் நூற்றுக்கு 67 பட்டதாரிகள் வந்துவிடுவார்கள். அதனால் வயது, பாலினம், பகுதி, கல்வி என்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கிக் குலுக்குகிறார்கள். பட்டதாரிகளுக்கு 30 இடம், மற்றவர்களுக்கு 70.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த 400 பட்டதாரிகளில் ஒருவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 7.5 விழுக்காடு, மற்ற 200 பேரில் ஒருவருக்கு 35. மன்றம் நாட்டைப்போல் இருக்க வேண்டுமா, பெயர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டுமா? கடிதத்துக்கு எல்லாரும் பதில் போட்டால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். போடாதவரை ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றதைப் பெற முடியும். கட்டத்தில் இல்லாத குணங்களை எந்த ஒதுக்கீடும் சரிசெய்யாது. 'எனக்கு அரசியலில் ஆர்வமே இல்லை' என்பவர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவருடைய கட்டத்திலிருந்து வருபவரும் ஆர்வமுள்ளவர்தான். படித்தொகை, பயணச்செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று ஏற்பாடு செய்வது இந்த ஓட்டையைச் சிறிதாக்கத்தான். ஏதென்ஸிலும் நடுவருக்கு நாட்கூலி உண்டு. பெரிக்ளிஸ் காலத்தில் 2 ஒபோல் (ஒரு சிறு காசு), பின்னர் 3.

குலுக்குவதை எப்படிக் காட்டுவது என்பதற்கும் நல்ல வழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. கணினி முதலில் ஒதுக்கீட்டுக்குப் பொருந்தும் ஆயிரம் பட்டியல்களை உருவாக்கி, 000 முதல் 999 வரை எண் கொடுத்து வெளியிடும். பிறகு எல்லார் முன்னிலையிலும் மூன்று எண் பந்துகளை எடுத்தால் எந்தப் பட்டியல் என்று தெரிந்துவிடும். உயர்த்திப் பிடித்த குடத்தின் வேலையை இந்தப் பந்துகள் செய்கின்றன.

எங்கே உடைகிறது

அயர்லாந்தில் 2016-18 மன்றம் 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்டது. கருக்கலைப்புத் தடையை நீக்கும்படி அது பரிந்துரைக்க, 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காடு மக்கள் ஆதரித்தார்கள். அரசியல்வாதிகள் பல ஆண்டு தொடவே அஞ்சிய விவகாரம் அது. குலுக்கலின் வெற்றிக்கதை என்று எல்லா இடத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதே மன்றத்தில், இடையில் விலகியவர்களுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்ட ஏழு பேர் குலுக்கலில் வராமல், ஆள்சேர்ப்புப் பணியில் இருந்த ஒருவருக்குத் தெரிந்தவர்கள் வழியாக வந்தவர்கள் என்பதும் 2018-ல் வெளியானது. சிலர் இடையில் சோர்ந்து விலகுவது எந்த மன்றத்திலும் நடக்கக்கூடியது. மாற்று உறுப்பினர்களையும் முதல் நாளே குலுக்கி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த ஓட்டை வழியாகத்தான் ஃப்ளோரன்ஸின் பை திரும்பி வரும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-ல் வேறு விதமான சிக்கல். 79 தொகுதிகளிலிருந்தும் தலா ஓர் ஆண், ஒரு பெண், கூடவே பழங்குடியினர் இருவர் என்று 160 பேர் குலுக்கலில் வந்தார்கள். தேர்தல் முறையையே மாற்றச் சொன்னார்கள். 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7 விழுக்காடு ஆதரவு கிடைத்தது. ஆனால் அரசு முன்கூட்டியே வைத்திருந்த வரம்பு 60. பரிந்துரை விழுந்தது. பிரான்ஸில் 2019-20-ல் காலநிலை பற்றி ஆராய்ந்த 150 பேரிடம், உங்கள் பரிந்துரைகளை வடிகட்டாமல் முன்னெடுப்பேன் என்று குடியரசுத் தலைவர் சொன்னார். வடிகட்டித்தான் சட்டமாயின.

அயர்லாந்தின் அந்த மாற்று உறுப்பினர்களை விட்டுவிட்டால், மூன்றிலும் குலுக்கல் தன் வேலையைச் செய்தது. கேள்வியை எழுதுபவர் யார், விளக்கம் சொல்ல வரும் நிபுணர்களை அழைப்பவர் யார், பரிந்துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற மூன்று இடங்கள் குலுக்கலுக்கு வெளியே இருந்தன. 'வரியைக் கூட்டலாமா' என்று கேட்டால் ஒரு விடை வரும். 'மருத்துவமனைக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்' என்று கேட்டால் வேறு விடை வரும். கேள்வி பிறர் கையில் இருந்தால் நூறு பேரும் நேர்மையாக யோசித்துப் பிறர் விரும்பிய விடைக்கே போய்ச் சேரக்கூடும்.

பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழி பேசும் சிறு பகுதியில் 2019-ல் சட்டமாக்கிய ஏற்பாடு இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அங்கே குலுக்கலில் வந்த 24 பேர் கொண்ட நிரந்தரக் குடிமக்கள் குழு ஒன்று இருக்கிறது. எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் குழு. அதை ஆராய்வது தனியே குலுக்கி எடுக்கப்படும் வேறொரு மன்றம். பரிந்துரை வந்ததும் அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் அதைப் பொதுவில் விவாதித்துப் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் இருப்பது ஒன்றரை ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் வெளியேற, புதியவர்கள் வருவார்கள். பழையவர்களிடம் வேலை கற்றுக்கொள்ளப் புதியவர்களுக்கு நேரம் கிடைக்கும். அவர்களைத் தன் பக்கம் இழுக்க நினைப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது.